வளியை ஆராய்ந்த போதகர்: ஜோசப் பிறீஸ்லி

யன்னலோரத்திற் பல நாள் மறந்துவிடப்பட்ட தண்ணீர்ப் போத்தலின் உட்புறத்தில் மெல்லிய பச்சைப் படை ஒன்று படிந்திருப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அம்மாவின் கண்ணிற் படுமுன்னர் அதனைக் கழுவி ஊற்றிவிடுவதே எமது வழக்கம். ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் ஒருவர் அதனைக் கழுவாது விட்டார். அப்பச்சையிலிருந்து எழுந்த சிறு குமிழிகளைச் சேகரித்து, அவை எவ்வகை வளி என அளந்து பார்த்தார். அவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர், மருத்துவரும் அல்லர். தேவாலயத்திற் பிரசங்கம் செய்து வாழ்ந்த ஒரு போதகர். ஒட்சிசனைக் கண்டறிந்தவர் எனப் பாடநூல்களில் நீங்கள் பெயர் படித்த ஜோசப் பிறீஸ்லியே அவர்.

1733ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், யோக்சயரில் லீட்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள பேர்ஸ்டல் என்னும் ஊரில் பிறீஸ்லி பிறந்தார். தந்தையார் கம்பளித் துணியைச் செம்மைப்படுத்தி விற்கும் தொழிலாளி. ஆறு பிள்ளைகளுள் மூத்தவரான பிறீஸ்லி, ஆறு வயதளவில் தாயை இழந்தார். பிள்ளைப்பேறில்லாத மாமி ஒருவர், தந்தையின் சகோதரி, அவரைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று வளர்த்தார். அம்மாமியின் வீடு வசதியானது. அதனினும் முக்கியமாக, வெவ்வேறு சமயக் கருத்துடைய போதகர்கள் வந்து உணவருந்தி வாதிடும் வீடாக அது இருந்தது. தம்முடன் உடன்படாதவரையும் மதித்துக் கேட்கும் பழக்கத்தைப் பிறீஸ்லி அங்குதான் கற்றார் எனலாம்.

இளமையில் நோயாளியான அவர், பள்ளிக்கூடம் செல்லாத காலங்களிலும் மொழிகளைத் தாமே பயின்றார். இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் என்பவற்றோடு பிரெஞ்சு, இத்தாலியம், ஜேர்மன், அரபு ஆகிய மொழிகளையும் கற்றார். எனினும் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் கொள்கைகளை ஏற்றுக் கையொப்பமிடாதவர் அக்காலத்தில் அங்கு சேர இயலாது. கேம்பிறிட்ஜிற் படித்தாலும் பட்டம் பெற இயலாது. பிறீஸ்லியின் குடும்பமோ அத்திருச்சபையிலிருந்து விலகி வழிபட்ட மாற்றுச் சபையினர். எனவே அத்தகையோர் தாமே நிறுவிய டவென்றி கல்விக்கழகத்தில் 1752இற் சேர்ந்து போதகராகப் பயின்றார்.

போதகருக்குப் பேச்சு வேண்டும். பிறீஸ்லிக்கோ திக்கிப் பேசும் குறை இருந்தது. 1755இல் நீடம் மார்க்கற் என்னும் சிற்றூரிற் பணியேற்றபோது, அவர் பேச்சும் பிடிக்காமல், அவர் கருத்தும் பிடிக்காமல், சபையார் மெல்ல மெல்ல விலகினர். வாக்களிக்கப்பட்ட சம்பளமும் முழுமையாக வரவில்லை. பின்னர் நான்ட்விச் என்னும் ஊரில் அவர் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். அப்பள்ளியில் மிச்சம்பிடித்த பணத்தில் ஒரு வளிப்பம்பியும் ஒரு மின்பொறியும் வாங்கி மாணவரைக் கொண்டே அவற்றை இயக்கச் செய்தார் என்பது ஆசிரியர்களாகிய எமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1761இல் வொறிங்டன் கல்விக்கழகத்தில் மொழியாசிரியரானார். அடுத்த ஆண்டில், இரும்பாலை உரிமையாளர் குடும்பத்திற் பிறந்த மேரி வில்கின்சனை மணம் செய்தார். இலண்டனிற் பெஞ்சமின் பிராங்கிளினைச் சந்தித்து, அவரது ஊக்கத்தால் மின்னியலின் வரலாற்றை எழுதி 1767இல் வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டிலேயே றோயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது.

1767இல் லீட்ஸ் நகரின் மில் ஹில் தேவாலயத்திற்குப் போதகராக வந்தபோது, அவருக்குக் கிடைத்த வாடகை வீடு ஒரு பியர் வடிக்கும் ஆலைக்கு அருகில் அமைந்திருந்தது. நொதிக்கும் பீப்பாய்களின் மேல் ஒரு பாரமான வளி தேங்கி நிற்பதையும், அதனுட் பிடித்த எரியும் மரக்குச்சி அணைந்துபோவதையும் அவர் கண்டார். இன்று நாம் காபனீரொட்சைட்டு என்பது அதனையே. அவ்வளியை நீரிற் கரைத்தபோது இனிய கூர்மையான சுவை கொண்ட பானம் கிடைத்தது. அதனைச் செய்யும் முறையை 1772இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். உரிமை எதுவும் கோரவில்லை. பிற்காலத்தில் அச்சோடாவை விற்றுப் பெருஞ்செல்வம் ஈட்டியவர்கள் வேறு.

பியர் ஆலையிலிருந்து தொடங்கிய ஆர்வம் பெரியதொரு வினாவிற்கு அவரை இட்டுச் சென்றது. மெழுகுதிரி எரிந்தால் வளி கெடுகின்றது. விலங்குகள் சுவாசித்தாலும் கெடுகின்றது. உலகிலே எத்தனை கோடி அடுப்புகள், எத்தனை கோடி உயிர்கள்! அப்படியாயின் உலகத்து வளி முழுவதும் எப்பொழுதோ கெட்டுப்போயிருக்க வேண்டுமே. கெடாமற் காப்பது எது?

1771ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள், மெழுகுதிரி எரிந்து அணைந்த வளியைக் கொண்ட கண்ணாடிச் சாடி ஒன்றினுள் ஒரு புதினாக் கொப்பை வைத்தார். சாடியின் வாய் நீரினுட் கவிழ்ந்திருந்தமையால் வெளிவளி உள்ளே புக வழியில்லை. பத்து நாள் கழிந்து, 27ஆம் நாள், அவ்வளியில் மற்றொரு மெழுகுதிரியை வைத்தபோது அது நன்றாக எரிந்தது! கெட்ட வளியைச் செடி திருத்திவிட்டது. அக்கோடை முழுவதும் அவர் இதனைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். மறுவருடம் அவரிடம் வந்த பிராங்கிளின், கெட்ட வளியிற் செழித்து நின்ற புதினாவைத் தம் கண்ணாற் கண்டு வியந்தார். றோயல் சங்கம் தனது உயர்ந்த விருதான கொப்லி பதக்கத்தை 1773இல் பிறீஸ்லிக்கு வழங்கியபோது, அச்சங்கத் தலைவர் புல்லும் பூண்டும் காட்டு மரமும் மனிதனுக்குச் செய்யும் இத்தொண்டினைப் புகழ்ந்து உரையாற்றினார். பிறீஸ்லியின் புகழ் ஐரோப்பா முழுவதும் பரவியது.

அதே ஆண்டில் ஷெல்பேர்ண் பிரபு அவரைத் தமது நூலகராகவும் பிள்ளைகளின் கல்விக்கு ஆலோசகராகவும் அமர்த்தினார். ஆண்டுக்கு 250 பவுண் சம்பளம். கான் என்னும் ஊரில் வீடு. ஆராய்ச்சிக்கு வேண்டிய ஓய்வு. அங்கேதான் 1774ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாம் நாள், பன்னிரண்டு அங்குல விட்டமுடைய வில்லையினாற் சூரிய ஒளியைக் குவித்து, இரசத்தின் செந்நிறத் தூளைச் சூடாக்கினார். வெளிவந்த வளியில் மெழுகுதிரி வியக்கத்தக்க ஒளியுடன் எரிந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அவ்வளியில் ஒரு சுண்டெலியை விட்டார். அதேயளவு சாதாரண வளியிற் கால் மணி நேரமே உயிர் தாங்கக்கூடிய சுண்டெலி அரை மணி நேரம் தாங்கியது. வெளியே எடுத்துச் சூடு காட்டியபோது பிழைத்தும் கொண்டது. பின்னர் தாமே அதனைச் சுவாசித்துப் பார்த்து, நெஞ்சு இலேசாக இருப்பதாக உணர்ந்தார்.

இதனை அவர் ஒட்சிசன் என அழைக்கவில்லை. எரியும் பொருள்கள் யாவும் பிளோஜிஸ்தன் என்னும் ஒன்றை வெளிவிடுகின்றன என்பது அக்காலத்து நம்பிக்கை. வளி அதனை உறிஞ்சி நிரம்பிவிட்டால் மேலும் எரிதல் நிகழாது. ஆகவே மிக நன்றாக எரியச் செய்யும் இப்புதிய வளி பிளோஜிஸ்தன் சற்றும் இல்லாத வளி என அவர் முடிவு செய்தார். 1774 ஒக்டோபரிற் பரிஸ் நகரில் லவோசியரின் விருந்தில் அமர்ந்து தாம் கண்டதை ஒளிக்காமற் சொன்னார். லவோசியர் அதனைத் தாமும் செய்து பார்த்து, பிளோஜிஸ்தன் என ஒன்று இல்லை, எரிதல் என்பது இவ்வளியுடன் சேர்தலே என்று நிறுவி, அதற்கு ஒட்சிசன் எனப் பெயருமிட்டார். சுவீடனில் ஷீலே என்பவர் பிறீஸ்லிக்கு முன்பே இவ்வளியைப் பெற்றிருந்தும், அவரது நூல் 1777இலேயே வெளிவந்தது. மூவருக்கும் இதிற் பங்குண்டு.

இனி, பாடநூல்கள் பெரும்பாலும் சொல்லாது விடும் பகுதிக்கு வருவோம். 1778இல் பிறீஸ்லி தமது பழைய புதினாப் பரிசோதனைக்குத் திரும்பினார். ஷீலே அவரைச் செய்துபார்த்து, செடிகள் வளியைத் திருத்துவதில்லை, கெடுக்கவே செய்கின்றன என்று அறிவித்திருந்தார். பிறீஸ்லி மீண்டும் செய்தபோது சிலமுறை வளி திருந்தியது, பலமுறை திருந்தவில்லை, சிலமுறை மேலும் கெட்டது. தமக்குப் பதக்கம் பெற்றுத் தந்த பரிசோதனை தம் கையிலேயே பிழைக்கும்போது மனிதர் என்ன செய்வர்? சரியாக வந்தவற்றை மட்டும் எழுதி, மற்றவற்றை மறந்துவிடுவது எளிது. பிறீஸ்லி இரண்டையும் எழுதினார். தமது முந்திய முடிவைத் தாமே ஐயத்திற்குள்ளாக்கி அச்சிட்டு வெளியிட்டார். என்னைப் பொறுத்தவரையில், ஒட்சிசனைப் பெற்ற நாளிலும் பார்க்க இதுவே அவர் வாழ்வில் உயர்ந்த இடம்.

அந்தத் தோல்விகளின் நடுவிலேதான் போத்தற் பச்சை அவர் கண்ணிற் பட்டது. செடிகளை நீரில் வைத்திருந்த கண்ணாடிக் குப்பிகளின் சுவரில் ஒரு பச்சைப் பொருள் படிந்திருந்தது. செடியை எடுத்துவிட்ட பின்னரும் குமிழிகள் எழுந்துகொண்டிருந்தன! அப்படியாயின் வளியைத் தருவது செடியன்று, அந்தப் பச்சையே. குமிழிகளைச் சேகரித்து, வளியின் தரத்தை அளக்கத் தாமே வகுத்த முறையாற் சோதித்தார். நைத்திரிக்கொட்சைட்டு என்னும் வாயுவை நீரின் மேல் வளியுடன் கலந்தால், வளி எவ்வளவு நல்லதோ அவ்வளவு கன அளவு குறையும்; அதுவே அம்முறை. வந்த வளி சாதாரண வளியைவிட மிகச் சிறந்தது எனக் கண்டார். குப்பியை இருட்டில் வைத்தார், குமிழிகள் நின்றன. வெயிலில் வைத்தார், மீண்டும் எழுந்தன. ஒளியின் பங்கு அவர் கைக்குள்ளேயே வந்துவிட்டது.

ஆனால் அப்பச்சை என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. மூடிய பாத்திரத்திலும் அது தோன்றியமையால், அது செடியுமன்று விலங்குமன்று, தனியொரு வகைப் பொருள் என முதலில் எழுதினார். அதனால் பச்சையில் தாம் கண்ட ஒளியின் விளைவைப் புதினாவின் இலையுடன் இணைத்துப் பார்க்கத் தவறினார். ஒரு சிறு தவறுதான்; ஆயினும் அதன் விலை பெரிது. 1779 கோடையில், ஒஸ்திரிய அரச குடும்பத்தின் மருத்துவராகிய ஒல்லாந்தர் இங்கன்ஹவுஸ், இலண்டனுக்கு அண்மையில் ஒரு வீட்டை எடுத்துத் தங்கி மூன்றே மாதங்களில் ஐந்நூறுக்கு மேற்பட்ட பரிசோதனைகள் செய்தார். செடியின் பச்சையான பகுதிகள் மட்டுமே வளியைத் திருத்துகின்றன. அதுவும் ஒளியில் மட்டுமே. இருளில் அவையும் வளியைக் கெடுக்கின்றன என அவ்வாண்டிலேயே நூல் எழுதி வெளியிட்டார். ஷீலேயும் பிறீஸ்லியும் ஏன் முரண்பட்டனர் என்பது அன்று தெளிவாயிற்று. யார் முதலில் கண்டது என்பது பற்றி இருவருக்குமிடையே மனக்கசப்பு ஏற்பட்டதையும் மறைக்க வேண்டியதில்லை. நுணுக்குக்காட்டியில் வல்ல ஒரு நண்பரின் துணையுடன் ஆராய்ந்த பின், அந்தப் பச்சை ஒரு தாவரமே எனப் பிறீஸ்லி 1781இல் தமது பிழையைத் திருத்திக்கொண்டார்.

மூத்த வகுப்பு மாணவர்களுக்காக ஒரு சிறு இடைச்செருகல். அத்தகைய பச்சைப் படையில் நுண்ணிய அல்காக்களும், முன்னர் நீலப்பச்சை அல்கா எனவும் இன்று சயனோபற்றீரியா எனவும் அழைக்கப்படும் நுண்ணுயிர்களும் வளர்வதுண்டு. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் பூமியின் வளிமண்டலத்தில் ஒட்சிசன் சேரத் தொடங்கியது சயனோபற்றீரியாக்களாலேயே. இன்றைய ஆய்வுகூடங்களிற் பிறீஸ்லியின் குப்பிக்கு உறவானதொரு வேலை நடக்கின்றது. சயனோபற்றீரியாவின் பரம்பரையலகு ஒன்றை மாற்றி, விகாரமடைந்த அவ்வுயிர் ஒளியில் எவ்வளவு ஒட்சிசன் விடுகின்றது, எவ்வளவு காபனைத் தன் உடலிற் பதிக்கின்றது என அளக்கின்றனர். இவ்வாய்வுகளுக்குப் பெரிதும் பயன்படும் சினெக்கோசிஸ்டிஸ் என்னும் இனத்தின் பரம்பரையலகுத் தொகுதி முழுவதும் 1996இல் யப்பானில் வாசித்தறியப்பட்டது. நீரைப் பிளக்கும் ஆற்றலை இழந்த விகாரி ஒட்சிசனை விடாது. ஆயினும் குளுக்கோசை ஊட்டினால் உயிர் வாழும். காபனைப் பதிக்கும் நொதியம் தங்கும் நுண்ணறை கெட்ட விகாரியோ, காபனீரொட்சைட்டு மிகுந்த வளியில் மட்டுமே வளரும். ஓர் உறுப்பைக் கெடுத்துப் பார்த்து அதன் வேலையை அறியும் வழி இது. பிழைத்துப்போன பரிசோதனையும் உண்மை பேசும் என்பதைப் பிறீஸ்லி தமது வழியிற் கண்டிருந்தார்.

1780இல் பிறீஸ்லி பர்மிங்காம் நகருக்குப் போதகராகச் சென்றார். நீராவி எந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாற், மட்பாண்டத் தொழில் வல்லவரான வெட்ஜ்வுட், மருத்துவர் இராஸ்மஸ் டார்வின் முதலியோர் முழுநிலாக் காலத்திற் கூடும் சங்கம் ஒன்றில் அவரும் சேர்ந்தார். இரவில் நிலவொளியிற் குதிரையேறி வீடு திரும்பலாம் என்பதனாலேயே அந்நாளைத் தெரிந்தனர். அவர் வாழ்வின் மிக இனிய காலம் அது.

ஆனால் அவர் பேனாவும் ஓயவில்லை. மாற்றுச் சபையினருக்குச் சம உரிமை வேண்டுமென வாதாடினார். திரித்துவக் கொள்கையை மறுத்தார். அமெரிக்கரின் விடுதலையையும் பிரெஞ்சுப் புரட்சியையும் வரவேற்றார். 1791 யூலை 14ஆம் நாள், புரட்சியின் ஆண்டு நிறைவையொட்டிப் பர்மிங்காமில் ஒரு விருந்து நடைபெற்றது. பிறீஸ்லி அதற்குப் போகவேயில்லை. ஆயினும் அரசருக்கும் திருச்சபைக்கும் ஆதரவெனக் கூவிய கும்பல் முதலில் அவரது தேவாலயத்தை எரித்தது. பின் அவர் வீட்டை நோக்கி வந்தது. மனைவியுடன் பகடை ஆடிக்கொண்டிருந்த அவர், செய்தி கேட்டு உடுத்த உடையுடன் வெளியேறினார். வீட்டில் இருந்த தீயெல்லாம் முன்னரே அணைக்கப்பட்டிருந்தமையால், கொளுத்த வழியின்றி அவரது மின்பொறியிலிருந்தே பொறி எடுக்க முயன்றனராம்! அது முடியவில்லை, ஆயினும் விடியுமுன்னர் நூலகமும், ஆய்வுகூடமும், அச்சேறாத கையெழுத்துப் பிரதிகளும் பாழாயின. கலவரம் மூன்று நாள் நீடித்தது; இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் தாக்கப்பட்டன. ஓரிரவில் வீட்டையும் நூல்களையும் இழப்பது எத்தகையது என்பதை இம்மலரை வாசிக்கும் பெற்றோர் சிலருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இலண்டன் சென்று ஹக்னியிற் போதகரானார். அங்கும் பலர் அஞ்சி ஒதுங்கினர்; றோயல் சங்கத்து நண்பர்கள் சிலரே முகம் திருப்பினர். பிள்ளைகளுக்கு இந்நாட்டில் எதிர்காலம் இல்லை எனக் கண்டு, 1793இல் மக்கள் அமெரிக்கா சென்றனர். 1794 ஏப்ரலில், அறுபத்தொரு வயதில், பிறீஸ்லியும் மனைவியும் சாம்சன் என்னும் கப்பலேறினர். அவர்கள் நடுக்கடலில் இருந்தபோது, மே 8ஆம் நாள், பரிஸ் நகரில் லவோசியரின் தலை துண்டிக்கப்பட்டது. பிறீஸ்லியை விரட்டியவர்கள் புரட்சியை வெறுத்தவர்கள். லவோசியரைக் கொன்றவர்கள் புரட்சியை நடத்தியவர்கள். யூன் 4ஆம் நாள் கப்பல் நியூயோர்க்கை அடைந்தது.

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் அளிக்க முன்வந்த இரசாயனவியற் பேராசிரியர் பதவியை அவர் ஏற்கவில்லை. சஸ்குவகான ஆற்றங்கரையில் நோத்தம்பலண்ட் என்னும் சிற்றூரில், மகன்மார் காணி பார்த்த இடத்திற்கு அருகில் வீடு கட்டத் தொடங்கினார். இளைய மகன் ஹரி 1795 டிசம்பரில், பதினெட்டு வயதில் இறந்தான். மறுவருடம் செப்டெம்பரில் மனைவியும் காலமானார். அவர் ஆவலுடன் திட்டமிட்ட வீடு 1798இலேயே முழுமையடைந்தது.

அவ்வீட்டு ஆய்வுகூடத்திற் காபனோரொட்சைட்டு என்னும் வாயுவைப் பெற்றார். அதனையும் பிளோஜிஸ்தனுக்குச் சான்றாகவே காட்டினார்! இளையோர் யாவரும் லவோசியரின் வழியை ஏற்ற பின்னரும், 1800இற் பழைய கொள்கையை நிலைநாட்ட ஒரு நூல் எழுதினார். தம் கண் கண்டதை மாற்றி எழுதாத அவர், அதற்குத் தாம் சூட்டிய பெயரை மட்டும் இறுதிவரை விடவில்லை. எனினும் அவர் எழுதிவைத்த அளவுகளைக் கொண்டே மற்றவர்கள் அவரைத் திருத்த முடிந்தது. ஜெனீவாவில் செனபியே, செடி ஒட்சிசனை விடுவதற்குக் காபனீரொட்சைட்டு இன்றியமையாதது எனக் காட்டினார். அந்நகரத்துச் சொசூர், செடியின் நிறை அதிகரிப்பில் நீருக்கும் பங்குண்டு என அளந்து நூலாக வெளியிட்டார். அந்நூல் வெளிவந்தது 1804இல்.

முதுமையிற் பிறீஸ்லி மீண்டும் தமது பச்சைப் பொருளிடம் வந்தார். உயிர் தானாகவே தோன்றக்கூடும் என இராஸ்மஸ் டார்வின் எழுதியதை மறுக்க எண்ணி, நீர் நிறைந்த பாத்திரங்களைச் சிலவற்றைத் திறந்தும் சிலவற்றை மூடியும் வைத்து, பச்சை எங்கே தோன்றுகின்றது எனக் கவனித்தார். வளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வித்துகள் விழுவதனாலேயே அது தோன்றுகின்றது என 1803இல் எழுதினார். கால் நூற்றாண்டுக்கு முன், செடியுமன்று விலங்குமன்று என்று எழுதிய அதே பொருளைப் பற்றி!

1804 பெப்ரவரி 6ஆம் நாட் காலை, படுக்கையிற் கிடந்தவாறே சில சிறுநூல்களில் செய்ய வேண்டிய திருத்தங்களைச் சொல்லி எழுதுவித்தார். எழுதியதை வாசித்துக் காட்டியபோது, அது எழுதியவரின் நடையில் இருப்பதாகக் கூறி, தாம் சொன்ன சொற்களிலேயே எழுதும்படி மறுபடியும் தெளிவாகச் சொன்னார். மீண்டும் வாசிக்கக் கேட்டு, சரியெனச் சொன்னார். சிறிது நேரத்துள் அவர் உயிர் பிரிந்தது.